அச்சேற விரும்புவார்க்குச் சில சொற்கள்

(நம் சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுதியதை அச்சேற்றுவது எவ்வாறு என்பதே இன்று எம்மைப் பேசுமாறு பணித்த பொருள். சென்ற கூட்டம் முடிந்தபின் இளைஞர் நால்வர் எம்மைச் சூழ்ந்துகொண்டு, "ஐயா, கதையும் கட்டுரையும் எழுதி வைத்திருக்கிறோம், பத்திரிகைகளுக்கு அனுப்பினால் விடையே வருவதில்லை, யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்?" என்று வினவினர். அவ்வினாவின் பிற்பகுதியே எம்மை ஈண்டு நிறுத்தியது. யாரையும் பிடிக்க வேண்டுவதில்லை என்பதும், பற்ற வேண்டுவது வேறொன்று என்பதுமே யாம் கூறப்புகுவது.

யாம் பேரெழுத்தாளர் அல்லோம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் தொழிலுடையோம். இருபது யாண்டுகளாகப் பள்ளி ஒழிந்த வேளைகளில் எழுதி, சில அச்சேறவும் பல திரும்பி வரவும் கண்டோம். பட்டறிந்ததைக் கூறுதற்குப் புலமை வேண்டுவதில்லை. உண்மை ஒன்றே போதும் என்னும் துணிவால் பேசுகின்றோம்.

முதற்கண் ஒரு செய்தி. எம் தெருவில் முதிய நெசவாளர் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் பக்குவம், மழைநாளில் நூல் ஈரமேறித் தளர்ந்தால் செய்யத்தக்கது, எந்தச் சாயம் எத்தனை வெளுப்புக்குத் தாங்கும் என்னும் கணக்கு, அச்சுப் பிணைப்பதில் நேரும் பிழைகள் ஆகிய யாவற்றையும் அவர் நெடிய குறிப்பேடுகள் பதினொன்றில் எழுதி வைத்திருந்தார். யாம் ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிதில் ஒருநாள் எம்மை அழைத்து, அவ்வேடுகளை முன்வைத்து, "தம்பி, நீ படித்த பிள்ளை, இதைப் புத்தகமாகப் போட வழியுண்டா?" என்று கேட்டார். "பார்ப்போம், தாத்தா" என்று கூறி வந்தோம். பார்க்கவில்லை. அடுத்த யாண்டு அவர் மறைந்தார். மக்கள் வீட்டை விற்றுப் பிரிந்தனர். ஏடுகள் பழைய தாள் வாங்குவோனிடம் எடைக்குப் போயின. கேள்வியுற்று ஓடினோம், ஒன்றே எஞ்சியிருந்தது. அறுபது யாண்டு அறிவில் பதினோரில் ஒரு பங்கு மட்டுமே நமக்குக் கிடைத்தது.

அன்று யாம் ஒன்று தெளிந்தோம். எழுதப்படாதது மறைகின்றது, எழுதியும் அச்சேறாதது சிறிது காலம் தாழ்த்து மறைகின்றது. ஆதலின் அச்சேறுதலைப் பெயர் விளங்குவதற்குரிய வழியென மட்டும் நினைந்து நீவிர் இதனைக் கேளற்க. நீவிர் அறிந்தது பிறர்க்குப் போய்ச் சேர்வதற்குரிய வழியெனக் கருதிக் கேண்மின்.

எதை எழுதுவது?

இளைஞர் பெரும்பாலார் தாம் காணாத ஊரையும் அறியாத வாழ்வையும் எழுதத் தொடங்குகின்றனர். பத்திரிகாசிரியர் மேசைமேல் அத்தகையன குவிந்து கிடக்கின்றன. நும் வீட்டுத் தறியைப் பற்றியும், கூட்டுறவுச் சங்கத்தில் கூலி வாங்க நின்ற நாளைப் பற்றியும், விசைத்தறி வந்தபின் தெரு ஓசை மாறியதைப் பற்றியும் நும்மினும் நன்கு எழுதவல்லார் அம்மேசைக்கு அருகில் இல்லை. பிறர் எழுதவியலாத ஒன்றைக் கொண்டு செல்வோன் வாயிலில் நெடுநேரம் நிற்கமாட்டான்.

எங்கே அனுப்புவது?

இரண்டாவது, பத்திரிகையை அறிதல். தம் கட்டுரையை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினீர் என்று யாம் அந்நால்வரையும் கேட்டோம். அப்பத்திரிகையை இறுதியாக எப்போது படித்தீர் என்றும் கேட்டோம். முதல் வினாவிற்கு விடை வந்தது, இரண்டாவதற்கு வரவில்லை. இதுவே நோயின் மூலம். ஒரு பத்திரிகைக்கு எழுத விரும்புவோன் அதன் இதழ்கள் பன்னிரண்டையேனும் முன்வைத்துப் படித்தல் வேண்டும். கட்டுரைகள் எத்தனை பக்கம் ஓடுகின்றன? எத்தகைய நடையை ஆசிரியர் விரும்புகின்றார்? வெளியிலிருந்து எழுதுவோர்க்கு எந்தப் பகுதி திறந்திருக்கின்றது? சென்ற யாண்டில் வெளிவந்த பொருள் யாவை? இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பின்னர் எழுதுவோன், இருட்டில் கல்லெறிவோன் ஆகான்.

காலமும் அறிதல் வேண்டும். தீபாவளி மலருக்கும் பொங்கல் மலருக்கும் உரியவற்றை ஆசிரியர்கள் பல வாரங்கட்கு முன்னரே திரட்டிவிடுவர். பண்டிகைக்கு முதல் வாரத்தில் போய்ச் சேரும் பொங்கற் கட்டுரை எத்துணைச் சிறப்புடையதாயினும் அடுத்த யாண்டிற்கே உரியது. அடுத்த யாண்டு அது யார் நினைவில் இருக்கும்? மூன்று திங்கள் முற்படவே அனுப்புதல் நலம்.

எவ்வாறு அனுப்புவது?

மூன்றாவது, படியெடுத்தல். தாளில் எழுதி அனுப்பும் காலத்தே, ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுதல், இருபுறமும் இடம் விடுதல், பக்க எண் இடுதல், முதற்பக்கத்திலும் கடைப்பக்கத்திலும் பெயரும் முகவரியும் குறித்தல் என்பன மரபு. இந்நாளில் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே அனுப்புகின்றோம். மரபின் கருத்து மாறவில்லை. ஒருங்குறி எழுத்தில் தட்டச்சுச் செய்க. பழைய தனி எழுத்துருக்களில் அடித்தனுப்பினால், பெறுவோர் கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லாதவிடத்துப் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றைத் திருத்தி வாசிக்கும் பொறுமை எவர்க்கும் இராது. கைப்பேசியில் துண்டு துண்டாக அடித்த செய்திகளைக் கட்டுரையென்று அனுப்புதலும் தகாது. படம் இணைப்பின் அது யார் எடுத்தது, எதனைக் காட்டுவது என்பதைக் குறிக்க.

பிழை நீக்குதலைத் தமிழாசிரியர் என்னும் முறையில் அழுத்திக் கூறுகின்றோம். ஒற்றுப் பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் நிறைந்த முதற் பக்கத்தைக் கண்டவுடன், எழுதினோன் தன் எழுத்தைத் தானே இரண்டாம் முறை படிக்கவில்லை என்று ஆசிரியர் முடிவு செய்கின்றார். அவர் முடிவு பெரும்பாலும் சரியே. எழுதி முடித்தபின் ஒரு கிழமை கட்டுரையை மூடிவைத்து, பின்னர் உரக்கப் படித்துப் பார்மின். நா தடுக்கும் இடமெல்லாம் திருத்தத்தக்க இடம். நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் நன்னூலார் வகுத்தார். அவற்றைத் தேர்விற்கு மனப்பாடம் செய்தோம். நம் எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தோமா?

நான்காவது, உடன் வைக்கும் கடிதம். அது நான்கு வரிக்கு மிகுதல் வேண்டா. கட்டுரையின் பெயர், பொருள், அளவு, எழுதுவோன் அப்பொருளை அறிந்த வகை என்னும் இவையே போதும். 'இதனை வெளியிட்டால் நாடே வியக்கும்' என்று எழுதுவதும், 'வறியவன், ஆதரிக்கவேண்டும்' என்று எழுதுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

சிபாரிசு வேண்டா

இனி, கூறுதற்குச் சிறிது தயங்கிய ஒன்றைக் கூறுகின்றோம். "அப்பத்திரிகையில் நம்மவர் ஒருவர் துணையாசிரியராய் இருக்கின்றார், சங்கத்தின் பேரால் ஒரு சொல் சொல்லுங்கள்" என்று எம்மிடம் வந்தோர் பலர். நம் சங்கம் மாணவர்க்கு உதவிப்பணம் தருகின்றது, நலிந்தார்க்குத் துணை நிற்கின்றது, அவை செய்யத்தக்கன. கட்டுரைக்குச் சிபாரிசு செய்தல் செய்யத்தக்கதன்று. அவ்வாறு அச்சேறிய கட்டுரையால் எழுதினோன் எதனையும் கற்பதில்லை. அடுத்ததற்கும் அவனுக்குச் சிபாரிசே வேண்டியிருக்கும். அந்தத் துணையாசிரியரோ தம் அலுவலகத்தில் தலைகுனிய நேரும். இவ்விருவர்க்கும் மேலாகத் தீங்குறுவோன், யாருமற்றுத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மற்றோர் இளைஞன். அவன் நம் மரபினனாகவும் இருக்கலாம்; எம்மரபினனாயின் என்?

வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. பாரதியார் 1907-ல் தம் பாடல்கள் சிலவற்றைச் சென்னையில் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் பாடிக் காட்டினார். அரசியலில் இருவரும் எதிரெதிர்க் கட்சியினர். பாரதியார் தீவிரவாதி, ஐயர் மிதவாதி. எனினும் பாடலின் உயர்வை உணர்ந்த ஐயர் தம் செலவில் பதினையாயிரம் படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். மாற்றுக் கட்சியாரையும் வெல்லும் ஆற்றல் எழுத்திற்கு உண்டாயின், நம்மவரைத் தேடி நாம் அலைவானேன்?

திரும்பி வந்தால்?

ஐந்தாவது, காத்திருத்தல். ஒரு கட்டுரையை ஒரே காலத்தில் இரண்டு பத்திரிகைகட்கு அனுப்பற்க. இரண்டும் வெளியிட்டால் இரண்டு ஆசிரியரும் நும்மை மறவார். நல்ல வகையில் அன்று. சிறு குறிப்பேடு ஒன்றில், அனுப்பிய நாள், பத்திரிகை, விடை வந்த நாள் என்று பதிந்து வைம்மின். பத்திரிகையார் தாம் குறித்திருக்கும் காலம் கடந்தபின், குறிப்பில்லையாயின் மூன்று திங்கள் கடந்தபின், ஒருமுறை பணிவுடன் வினவலாம். அதற்கும் விடையில்லையேல், திரும்பப் பெறுகின்றோம் என்று எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம். காத்திருக்கும் நாளில் சும்மாயிராது அடுத்ததை எழுதுக. படியொன்று எப்போதும் நும் கையில் இருத்தல் வேண்டும்.

கட்டுரை திரும்பி வந்தால் மனம் நோகும், எமக்கும் நொந்தது. எஞ்சிய அந்த ஒரு குறிப்பேட்டைக் கொண்டு யாம் எழுதிய கட்டுரையின் வரலாற்றைக் கூறுவோம். முதலில் பதினான்கு பக்கம் எழுதினோம். அவற்றுள் முதல் ஐந்து பக்கம் சங்ககாலம் தொட்டு நெசவின் பெருமை. ஆறாம் பக்கத்தில்தான் முதியவர் தெருவிற்கு வந்தார். ஒரு பத்திரிகை விடையின்றித் திருப்பியது. புலவர் பட்டம் பெற்ற எம்மையா என்று சினந்து, ஓர் எழுத்தும் மாற்றாது மற்றொன்றிற்கு அனுப்பினோம். அதுவும் திருப்பியது; ஆயின் அவ்வாசிரியர் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "முதியவர் வரும் இடத்திலிருந்து தொடங்கலாமே?" இரண்டு நாள் அவரை ஏசினோம். மூன்றாம் நாள் அவர் சொற்படி முதல் ஐந்து பக்கத்தையும் நீக்கிப் படித்தோம். கட்டுரைக்கு உயிர் வந்திருந்தது. யாம் காட்ட விரும்பியது எம் கல்வியை. படிப்போர் காண விரும்பியது அவர் கஞ்சிப் பானையை. ஏழு பக்கமாக்கி மூன்றாவது பத்திரிகைக்கு அனுப்பினோம். ஐந்தாம் திங்களில் வெளிவந்தது. எம்மிலும் இளையவரான அவ்வாசிரியர் ஓரத்தில் எழுதிய ஒரு வரியால் யாம் கற்றது, கல்லூரியில் ஓராண்டு கற்றதினும் மிகுதி.

ஆதலின், திரும்பி வந்ததை இகழ்ச்சியென்று கொள்ளற்க. அளவு மிகுதல், அதே பொருளில் வேறொன்று முன்னரே அமைந்திருத்தல், பத்திரிகையின் போக்கிற்கு ஒவ்வாமை எனக் காரணம் பலவாம். காரணம் கூறி ஒருவர் திருப்பினால் அவர்க்கு நன்றி எழுதுக. ஒருபோதும் வாதிட்டு எழுதற்க.

நம் தொழிலைச் சார்ந்த பெரியார் ஒருவரையும் நினைவுகூர்வோம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக 1880-ல் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்யாண்டிலேயே சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அச்சிட்டு வெளியிட்டது 1887-ல். இடையே ஏழு யாண்டு. ஏடு தேடியும் ஒப்புநோக்கியும் ஐயம் தீர்த்தும், அச்சுச் செலவிற்கு முன்கூட்டியே கையொப்பம் திரட்டியும் உழைத்தார். கல்லூரி வேலையையும் விட்டாரல்லர். எழுத்தினால் வரும் பொருள் தமிழ்நாட்டில் பெரும்பாலார்க்குச் சிறிது. சிறு பத்திரிகைகள் பலவும் ஒன்றும் தருவதில்லை. ஒரு கதை அச்சேறியவுடன் வேலையை விடக் கருதும் இளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

உரிமையைக் காத்தல்

ஆறாவது கூறுவது எம் அறியாமையின் கதை. பன்னிரண்டு யாண்டுகட்கு முன் எம் கட்டுரைகளை நூலாக்க விரும்பி, வெளியிடுவோர் ஒருவரை அடைந்தோம். ஐந்நூறு படிகள் அச்சிடுவதாகச் சொல்லி எம்மிடமே பணம் பெற்றார். ஒரு பத்திரத்தை நீட்டினார். படிக்க நாணிக் கையெழுத்திட்டோம். வந்தவை நூறு படிகள். அவற்றுள் பாதி இன்றும் எம் வீட்டுப் பரணில் உள. அது பொறுக்கத்தக்கது. பிறிதொரு சமயம், முதியவரைப் பற்றிய அக்கட்டுரையைத் தொகை நூலொன்றில் சேர்க்க ஒருவர் வேண்டியபோது பத்திரத்தை எடுத்துப் படித்தோம். எல்லா உரிமையும் என்றென்றைக்கும் அவர்க்கே என்று எழுதியிருந்தது. முதியவர் எம்மை நம்பித் தந்ததை யாம் படியாத தாளில் எழுதிக் கொடுத்துவிட்டோம். பத்திரத்தைப் படிக்க நாணுவோன் பின்னர் நெடுங்காலம் நாணுவான்.

சட்டம் கூறுவதைச் சுருக்கமாக அறிமின். 1957-ஆம் யாண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனே உரிமை எழுதினோனுக்கு உண்டாகின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. அவ்வுரிமை அவன் வாழ்நாள் முழுதும், மறைந்தபின் அறுபது யாண்டும் நிற்கும். பத்திரிகையில் சம்பளம் பெறாது வெளியிலிருந்து எழுதுவோன், தானே எழுதிக் கொடுத்தாலன்றி, ஒருமுறை வெளியானதனால் உரிமையை இழப்பதில்லை. உரிமையைப் பிறர்க்கு மாற்றுதல் எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். எந்நூல், எவ்வுரிமை, எத்துணைக் காலம், எவ்விடம், தரும் பொருள் எவ்வளவு என்பன அதில் குறிக்கப்படல் வேண்டும். காலம் குறியாவிடின் ஐந்து யாண்டு என்றும், இடம் குறியாவிடின் இந்திய நாட்டளவில் என்றும் கொள்ளப்படும். பெற்றவர் ஓர் யாண்டினுள் அதனைப் பயன்படுத்தாவிடின், பத்திரத்தில் வேறு வகையாகக் கூறியிருந்தாலன்றி, அம்மாற்றம் ஒழியும். 'என்றென்றைக்கும்', 'எல்லா வடிவிலும்' என்னும் சொற்களைக் கண்டால் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டுமின்.

கட்டணம் கேட்கும் பரிசுப் போட்டிகளிலும், நும் பணத்தில் நும்மைப் புகழும் தொகை நூல்களிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பணம் எழுதுவோனிடமிருந்து போகின்றதா, அவனிடம் வருகின்றதா என்று ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் உண்மை விளங்கும்.

நூலைத் தாமே அச்சிடுவோர்க்கு

தம் செலவிலேயே வெளியிடுவது இழிவன்று. வேண்டிய அளவு மட்டும் சில படிகளே அச்சிடும் வசதி இந்நாளில் உண்டு. ஐந்நூறு படிகளைப் பரணில் அடுக்க வேண்டுவதில்லை. செலவைக் கணக்கிட்டு, அச்சகத்தாரிடம் எழுத்தில் விலைபெற்று, தெரிந்தே செய்க. நூலுக்குரிய பதின்மூன்று இலக்கப் பன்னாட்டு எண்ணை நம் நாட்டில் அரசினர் கட்டணமின்றியே வழங்குகின்றனர். அதற்கு எவர்க்கும் பணம் தரற்க. 1954-ஆம் யாண்டின் நூல் வழங்கற் சட்டப்படி வெளியிடுவோர், நூல் வெளிவந்த முப்பது நாளுள் கல்கத்தாத் தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பிற பொது நூலகங்கட்கும் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்புதல் கடமை. பலர் இதனைத் தொல்லையென்று விடுகின்றனர். எமக்கு இது சட்டங்களுள் இனிய சட்டமாகத் தோன்றுகின்றது. வீடு விற்கப்படலாம், மக்கள் பிரியலாம், பழைய தாள் வாங்குவோன் வாயிலில் நிற்கலாம். கன்னிமாராவில் ஒரு படி இருக்கும்.

இளைஞர்களே! யாரைப் பிடிப்பது என்று கேட்டீர்கள். படிப்போனைப் பிடியுங்கள் என்பதே எம் விடை. அவனை மனத்தில் நிறுத்தி எழுதுக. அவன் படிக்கும் பத்திரிகையை அறிக. அவனுக்காகப் பிழை நீக்குக. அவனை அடையும்வரை சலியாது அனுப்புக. இடையிலுள்ள ஆசிரியர் பகைவரல்லர். படிப்போன் சார்பில் வாயிலில் நிற்பவர்.

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு வருவோர் ஒவ்வொருவரும், தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் மட்டுமே அறிந்த ஒன்றைக் கேட்டு, நான்கு பக்கத்திற்கு மிகாமல் எழுதிக் கொணர்க. யாம் சிவப்பு மையுடன் வருவோம். திருத்திப் படியெடுத்து எங்கே அனுப்பலாம் என்பதை ஒருங்கே இருந்து முடிவு செய்வோம். சிபாரிசு செய்யமாட்டோம், ஒற்றுப் பிழையை மட்டும் விடமாட்டோம்.

"பார்ப்போம், தாத்தா" என்று ஒருமுறை கூறிப் பத்து ஏடுகளை இழந்தோம். அச்சொல்லை நீவிர் எவரிடமும் கூறாதிருப்பீராக.